பூடிகாவும் தேசிய வீராங்கனைப் பட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமானியப் பேரரசை எதிர்த்து நின்ற ஐசெனி இனத்து அரசி பூடிகாவைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிரிட்டனின் தேசிய வீராங்கனை என்ற பட்டத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த அரசிக்கு நேர்ந்த கொடுமையையும் அவர் காட்டிய துணிவையும் கட்டுரை நன்றாகவே எடுத்துரைத்தது. ஆனால் அந்தப் பட்டத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கட்டுரையில் இடம்பெறாத சில செய்திகளே அதற்குக் காரணம்.

அவருடைய சினம் நியாயமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இன்றைய நார்ஃபோக் பகுதியை ஆண்ட அவருடைய கணவர் பிரசுடகஸ், ரோமுடன் நட்புறவு பூண்டிருந்த சிற்றரசர். தமக்குப் பின் குடும்பமும் நாடும் காப்பாற்றப்படும் என்று நம்பி, இரு மகள்களோடு பேரரசர் நீரோவையும் வாரிசாக எழுதிவைத்துவிட்டு அவர் இறந்தார். அந்த உயிலை ரோமானியர்கள் மதிக்கவில்லை. அரசரின் மாளிகையைச் சூறையாடினார்கள். பூடிகாவைச் சாட்டையால் அடித்தார்கள். மகள்கள் இருவரையும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். இனத் தலைவர்களின் பரம்பரை நிலங்களைப் பறித்துக்கொண்டார்கள். நீரோவின் ஆசானாக இருந்த செனகா, பிரிட்டானியர்கள் கேளாமலேயே அவர்கள் தலையில் கட்டியிருந்த 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடனை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டதும் கிளர்ச்சிக்கு ஒரு காரணம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்களிடம் தங்கள் நிலத்தை இழந்திருந்த டிரினோவான்டீஸ் இனத்தாரும் சேர்ந்துகொள்ள, கி.பி. 60 அல்லது 61ஆம் ஆண்டில் கிளர்ச்சி மூண்டது. இதுவரை நான் கட்டுரையாளரின் பக்கமே நிற்கிறேன்.

அதன்பின் நடந்தவற்றைக் கட்டுரை ‘மூன்று ரோமானிய நகரங்கள் வீழ்ந்தன’ என்ற அளவில் கடந்துவிடுகிறது. அந்த நகரங்களில் இருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? முதலில் வீழ்ந்த கால்செஸ்டரில் நிலம் பறித்த முன்னாள் படைவீரர்கள் குடியிருந்தார்கள் என்பது உண்மைதான்; ஆனால் முந்தைய பேரரசர் கிளாடியஸின் கோயிலுக்குள் இரண்டு நாள் தாக்குப்பிடித்து மடிந்தவர்கள் இருந்த அந்த ஊரிலிருந்து பெண்களும் முதியவர்களும் முன்கூட்டியே வெளியேற்றப்படவில்லை. லண்டன் அப்போது வணிகர்கள் கூடும் ஊர். ஆளுநர் சூடோனியஸ் பாலினஸ் அதைக் காக்க முடியாதென்று கைவிட்டு, உடன்வரக் கூடியவர்களை மட்டும் அழைத்துச் சென்றபோது, பெண்களாகவோ முதியவர்களாகவோ இருந்ததாலும் ஊரின் மீதிருந்த பற்றாலும் பின்தங்கியவர்கள் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் குறிக்கிறார். மூன்றாவதாக எரிந்த வெருலாமியம், அதாவது இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ், பெரும்பாலும் பிரிட்டானியர்களே வாழ்ந்த ஊர். மூன்று ஊர்களிலும் சேர்த்து 70,000 பேர் மாண்டதாக டாசிடஸ் சொல்கிறார். சிறைபிடிக்கவோ விற்கவோ கிளர்ச்சிப் படை முயலவில்லை. தூக்கு, நெருப்பு, சிலுவை என்று கொன்றே தீர்த்தது என்பதும் அவர் தரும் செய்திதான்.

இவையெல்லாம் ரோமானியர்கள் எழுதிவைத்தவை, வென்றவர்களின் கூற்றை எப்படி நம்புவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். டாசிடஸின் மாமனார் அக்ரிகோலா அதே சூடோனியஸின் கீழ் பிரிட்டனில் பணியாற்றியவர். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கக் கூடும். ஆனால் பூடிகா சாட்டையால் அடிபட்டதையும் அவருடைய மகள்களுக்கு நேர்ந்ததையும் நமக்குச் சொன்னவரும் அதே டாசிடஸ்தான். தம் நாட்டவர் செய்த குற்றத்தை மறைக்காத ஒருவரின் நூலில், நமக்கு உவப்பான பாதியை மட்டும் வரலாறு என்று கொண்டு மறுபாதியைப் பொய் என்று ஒதுக்குவது முறையாகாது. கால்செஸ்டரிலும் லண்டனிலும் பல இடங்களில் ஆழமாகத் தோண்டினால் தட்டுப்படும், அந்தத் தீயில் வெந்து சிவந்த களிமண் அடுக்கு நகரங்கள் எரிந்ததற்குச் சான்றாக இன்றும் இருக்கிறது.

சூடோனியஸின் படையோடு நடந்த இறுதிப் போரில், வெற்றியைக் காணவென்று மனைவி மக்களை வண்டிகளில் ஏற்றிக் களத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்ததால், பின்வாங்க வழியில்லாமல் கிளர்ச்சியாளர்கள் அவர்களோடு சேர்ந்தே வெட்டுண்டார்கள். ரோமானியப் படை பெண்களையும் விட்டுவைக்கவில்லை. அதைத் தொடர்ந்து வந்த பழிவாங்கலும், விதைக்காமல் விட்ட வயல்களால் வந்த பஞ்சமும் ஐசெனி மக்களைச் சிதைத்தன.

இந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் செய்தி. பூடிகாவின் நினைவு மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தது என்று கட்டுரை கருதுகிறது. ஆனால் இடைக்காலம் முழுவதும் அவர் ஏறக்குறைய மறக்கப்பட்டவராகவே இருந்தார். மறுமலர்ச்சிக் காலத்தில் டாசிடஸின் நூல்கள் மீண்டும் படிக்கப்பட்ட பிறகே அவர் பேசப்பட்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அருகே, தேர்மீது ஈட்டியோடு நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையைத் தாமஸ் தார்னிகிராஃப்ட் 1850களில் வடிக்கத் தொடங்கினார்; அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1902இல் அது அங்கே நிறுவப்பட்டது. சீசர் அறியாத நிலப்பரப்புகளையும் உன் வழித்தோன்றல்கள் ஆள்வார்கள் என்னும் பொருளில் ஓர் 18ஆம் நூற்றாண்டுப் பாட்டின் அடிகள் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1902இல் அந்த நிலப்பரப்புகளில் ஒன்று நம்முடைய நாடு. அந்நியர் தன் மண்ணை ஆள்வதைப் பொறுக்காமல் ஆயுதம் எடுத்த ஒரு பெண்ணை, பிறர் மண்ணை ஆள்வதற்கான ஆசியாக மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அவரை அவமதிக்க இதைவிடப் பெரிய வழி இருக்க முடியாது. தமிழில் எழுதும் ஒருவர் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிடாமலேயே பட்டத்தை வழிமொழிந்திருப்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மண்டபத்தில் 1916இல் வைக்கப்பட்ட பளிங்குச் சிலை, இரு மகள்களையும் அணைத்து நிற்கும் தாயாக அவரைக் காட்டுகிறது. அந்த உருவத்தின் முன் தலைவணங்க எனக்குத் தயக்கமில்லை.

அநீதிக்கு உள்ளாகி எதிர்த்து எழுந்த ஒரு தாயாக, ஒரு தலைவியாகப் பூடிகாவை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிய வேண்டும். பேரரசுகளின் கொடுமையை விளக்க அவர் வாழ்வைவிடத் தெளிவான பாடம் அரிது. ஆனால் ஒரு நாடே பின்பற்றத் தக்கவர் என்று முன்னிறுத்தும்போது, லண்டனில் பின்தங்கிய கிழவிகளையும் வெருலாமியத்தின் பிரிட்டானியர்களையும் அந்த நாட்டின் மக்கள் அல்லர் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

அதே காலத்தில் அதே நாட்டில் இன்னொருவர் இருந்தார். கொள்ளைக்குக் காரணமான நிதி அதிகாரி கேட்டஸ் டெசியானஸ் கடல் கடந்து தப்பியோடிய பின், அவர் இடத்துக்கு வந்தவர் ஜூலியஸ் கிளாசிசியானஸ். ஆளுநரின் பழிவாங்கலை அவர் எதிர்த்தார். சரணடைபவர்களைப் பகையும் செருக்கும் இல்லாமல் நடத்தக்கூடிய புதிய ஆளுநர் வரும்வரை பொறுத்திருக்கும்படி மக்களிடம் சொன்னார். சூடோனியஸ் மாற்றப்படும்வரை போர் ஓயாது என்று ரோமுக்கும் எழுதினார். சிறிது காலத்தில் சூடோனியஸ் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். டாசிடஸ் இந்த அதிகாரியைத் தனிப் பகை கொண்டவர் என்று பழிக்கிறார். ஆனால் எஞ்சியிருந்த பிரிட்டானியர்களின் உயிரைக் காத்ததில் அவருக்குப் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். அவருடைய மனைவி ஜூலியா பகாட்டா எழுப்பிய கல்லறைக் கல்லின் துண்டுகள் லண்டனில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தங்கள் இதழ் இந்த வரலாற்றைத் தொடர்ந்து எழுதுவதாயின், அடுத்த கட்டுரையில் கிளாசிசியானஸுக்கும் எரிந்த மூன்று ஊர்களின் மக்களுக்கும் உரிய இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி