விடுமுறை முகாம் நடத்துகிறவர்களே, பிள்ளைகளை மண்டபத்துக்கு வெளியே விடுங்கள்

திருகோணமலையில் சித்திரை விடுமுறைக்கு முகாம் நடத்தும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் வணக்கம்.

போன தடவை என் மகள் ஒரு முகாமில் மூன்று நாள் வானியல் படித்தாள். எந்த முகாம் என்பது வேண்டாம். யன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடி, புரொஜெக்டரில் சனிக்கிரகத்தைக் காட்டி, கடைசி நாள் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன், ஃபோனை எடுத்தாள்.

சரி, கோபம் கொஞ்சம் இருக்கிறதுதான். 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் இதே ஊரில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, எங்கள் முற்றத்து வேம்பின் நிழல் முழுக்கக் குட்டிக் குட்டி வளையல்களாகக் கிடந்ததை அவள் குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தவள். அந்தப் பிள்ளைக்கா ஸ்லைட்?

தொலைநோக்கி இல்லை என்று சொல்லாதீர்கள். பாகைமானியின் நடுவில் தையல் நூல் கட்டி, நுனியில் தூண்டில் ஈயம் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். இரவு எட்டு மணிக்கு நிலாவெளிப் பக்கம் இருட்டான இடமாகப் பார்த்து, பாகைமானியின் நேர் விளிம்பு வழியே துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்தால், 90இலிருந்து நூல் எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் அதன் உயரம். எட்டரைப் பாகை அளவில் வரும், திருகோணமலையின் அகலக்கோடும் அதுதான். கை நடுங்கி ஏழு, பத்து என்றும் வரும், வரட்டும், ஏன் பிழைத்தது என்று அவர்களே சண்டை பிடிப்பார்கள். பத்து மணிவரை வைத்திருந்தால் தெற்கே தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டமும் ஏறியிருக்கும். இரண்டையும் ஒரே இரவில் பார்க்கக் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு சுவரைப் பார்க்கிறோம்.

அப்புறம் பகல் வேலை ஒன்று. புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன், மதியம் 12 மணி 6 நிமிடமளவில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். மைதானத்தில் உலக்கையை நிமிர்த்திப் பிடித்தால் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துவிடும். (கிரகணத்துக்கு உலக்கை தானாக நிற்கும் என்று அம்மம்மா சொல்வாரே, இது அந்தக் கதை இல்லை, இதற்கு ஒருவர் பிடிக்க வேண்டும்.) பதினொன்றரையிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சோக்கால் கோடு போடச் சொல்லுங்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்க மட்டும் விடாதீர்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

இந்த முறை ஒரு மதியமும் ஓர் இரவும் தாருங்கள். தூண்டில் ஈயம் என் செலவு, எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் சொல்லுங்கள்.