கூந்தன்குளம் போய்வந்தேன்

அன்புள்ள ராஜிக்கு,

அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்" எனக்குப் போதவில்லை.

போன ஞாயிறு சின்ன மாமா என்னைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனான். பங்குனி வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்று நான்கரைக்கே எழுப்பிவிட்டான். உன் பழைய பைனாகுலரைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டேன். வார் அறுந்திருந்தது, தைத்துவிட்டேன். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் காட்டுகிறேன் என்றான். பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்டனவாம். ஏழு மட்டும் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, நீ நோட்டில் வரைந்து வைத்திருந்தாயே, அப்படியே. பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்துக்கு உனக்குப் பரிசு கொடுத்ததை மாமாவிடம் சொன்னேன். போன தடவையும் சொன்னேனாம்.

பறவைகள் குளத்தில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஊருக்குள் வீட்டு வேப்பமரங்களிலேயே கூடு! ஒரே மரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும். ஓடெல்லாம் எச்சம், தெருவெல்லாம் மீன் வாடை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. 1994-இல்தான் சரணாலயமாக அறிவித்தார்களாம். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் காத்துவந்திருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை முழுக்க விட்டு மீன் எடுக்கிறது. பார்க்கவே பயமாக இருந்தது. வெயில் ஏறியதும் நாரை ஒன்று கூட்டின் ஓரத்தில் இறக்கையை விரித்து நின்றது, குஞ்சுகளுக்கு நிழலுக்காக. அரைமணி நேரம் பார்த்தேன். அது நகரவே இல்லை.

நீ சரியாகச் சாப்பிட வேண்டும் ராஜி. போன மாதம் வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. உனக்குப் பின்னால் சுவர் பச்சையாக இருந்தது. உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை அல்லவா? பெயின்ட் அடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை குரலும் கேட்டு நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும். பெரியம்மா ஏதேதோ கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. ஒரு வரி எழுதிப்போடக்கூட உனக்கு நேரமில்லையா? நாற்பது பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறாய், தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு வரி கிடையாது.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். மரத்திலிருந்து விழுந்த நாரைக் குஞ்சுக்கு அந்த அம்மாள் மீனை நறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாசலெல்லாம் இப்படி நாறுகிறதே, விரட்டமாட்டீர்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "தாய்வீட்டுக்கு வந்த பிள்ளையை யாராவது விரட்டுவார்களா அக்கா?" என்றாள்.

அதன்பிறகு நான் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஆடி மாதம் நீ ஒரே ஒரு பையோடு வந்து நின்றாய். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இருந்தேன். "எப்போது டிக்கெட்?" என்றுதான் முதலில் கேட்டேன். எதிர்வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன். நான்காம் நாள் முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைத்து ரயில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் கையை ஆட்டினேன். அப்பா இருந்திருந்தால் இறக்கிக் கூட்டிவந்திருப்பார்.

மாடி அறையை ஒழித்து வெள்ளையடித்தாயிற்று. கொசுவலை புதிது. எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். டிக்கெட் கிடைக்காவிட்டால் மாமா காரிலேயே புனேக்கு வருகிறேன் என்கிறான். இரவில் தயிர் சாப்பிடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா