பிள்ளைகளுக்கு எந்த வீடியோ கேம் வாங்கலாம்? தமிழில் சொல்ல ஒரு பகுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்று செய்தித்தாளில் வந்தாலே பெரும்பாலும் கெட்ட செய்தியாகத்தான் இருக்கிறது. பணம் போயிற்று, படிப்பு போயிற்று, பையன் யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான், இப்படி. அதையெல்லாம் போட வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை, கட்டாயம் போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடுவதால் என்ன ஆகிறது என்றால், எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லா விளையாட்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டியை வாங்கவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டு, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தங்கள் போனையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஜிபே இருக்கிற போன், யூடியூப் இருக்கிற போன். எனக்குப் பயம் அந்தப் போனைப் பார்த்துத்தான்.

எந்த வயதுக்கு எந்த கேம், வாங்கும்போது அட்டையில் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஆடக்கூடியது எது என்று தமிழில் சொல்ல எங்களுக்கு ஆளில்லை. உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சின்னப் பகுதியை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லை நெடுக தமிழ்க் குடும்பங்கள்தான். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், பொருள் வாங்க பொள்ளாச்சி அல்லது கோவை. கேரளத்துக்குள் இருப்பதால் வளைகுடாவில் வேலை பார்க்கிற ஆள் வீதிக்கு வீதி உண்டு. நிண்டெண்டோ என்ற ஜப்பான் கேம் கம்பெனி இந்தியாவில் நேரடியாகக் கடை வைக்கவில்லை, இறக்குமதி செய்து விற்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். அதனால் எங்கள் பக்கம் ஸ்விட்ச் என்ற அவர்களுடைய கேம் பெட்டி வருவதே துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் லீவுக்கு வருகிற மாமன்மார் பெட்டியில்தான். எந்த நாட்டில் வாங்கிய கேசட்டும் அதில் ஓடும் என்பதால் அந்தச் சிக்கலும் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது, என் தம்பி கொண்டுவந்தான். அதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் போனில் ஆடுகிற கேமுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று புரிந்தது.

அந்தக் கேசட்டைச் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதன்மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்ற மகா கசப்பான பூச்சைத் தடவி விற்கிறார்கள். நாக்கில் பட்டால் பிள்ளை உடனே துப்பிவிடும். பிள்ளை கையில் போகும் பொருள் என்று நினைத்துச் செய்தவர்கள் இந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். பெட்டியின் இரண்டு ஓரத்திலும் உள்ள கைப்பிடியைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம், அண்ணனுக்கு ஒன்று தங்கைக்கு ஒன்று. ஒரு பெட்டி வாங்கினாலே இரண்டு பேர் ஆடலாம், சண்டை பாதி குறையும். கூடுதல் கைப்பிடி இருந்தால் நாலு பேர்கூட ஆடலாம்.

மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்று 2017இல் வந்த கார் பந்தய கேம். அதில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வண்டி பாதையை விட்டுக் கீழே விழாமல் தானே திருப்பிக்கொள்ளும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமலே ஓடும்படியும் வைக்கலாம். அந்த வசதி போட்ட வண்டியின் பின்னால் மட்டும் ஒரு சின்ன ஆன்டெனா முளைத்திருக்கும், அதை வைத்தே யாருக்கு உதவி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளும், கண்ணாடி போட்டால்தான் டிவி தெரிகிற அவளுடைய அம்மாயியும், ஐந்தாம் வகுப்புப் பையனும் ஒரே பந்தயத்தில் ஓடினார்கள், மூன்று பேருமே கடைசிவரை ஓடி முடித்தார்கள். அம்மாயிக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. தேவையும் படவில்லை. பேத்தியின் வண்டியை முந்திவிட்டு அவர் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. பாட்டியும் பேத்தியும் சமமாக நின்று போட்டி போடக்கூடிய விளையாட்டு வேறு எது இருக்கிறது, பல்லாங்குழியைத் தவிர?

ஓவர்குக்டு என்று இன்னொன்று, 2016இல் வந்தது. சமையலறைதான் களம். ஒருவர் நறுக்க வேண்டும், ஒருவர் வேகவைக்க வேண்டும், ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும், யாராவது அசந்தால் அடுப்பு தீப்பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பேசாமல் ஆடவே முடியாத கேம் அது. அறைக்குள் முடங்கிப்போகிற பிள்ளையைப் பற்றித்தானே கவலைப்படுகிறோம், இப்படி நாலு பேர் உட்கார்ந்து கத்திப் பேசி ஆடுகிற விளையாட்டும் வீடியோ கேம்தான் என்பதை யார் எழுதுகிறார்கள்?

போனில் இலவசமாக இறக்குகிற கேம்களைப் பாருங்கள். ஒரு கட்டம் முடிந்ததும் விளம்பரம், அந்த விளம்பரத்தில் என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. அடுத்த கட்டத்துக்குப் போக வைரக்கல் வாங்கு என்பார்கள், விளையாடாமல் விட்டால் ‘வா வா’ என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய நல்ல கேசட் கேமில் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது. ஒருமுறை வாங்கினால் முடிந்தது, நெட் இல்லாமலே ஆடலாம், சலித்துப்போனால் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றியும் விடலாம்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், எல்லாம் அப்படியல்ல. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர், பிளேஸ்டேஷன் என்ற இன்னொரு கம்பெனிப் பெட்டி உள்ள வீடென்றால் முதலில் வாங்குவது பழைய ஃபிஃபா, இப்போது ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று பெயர் மாற்றி வருகிற கேம்தான். நான் பார்த்த அட்டைகளில் வயது 3 என்று பச்சைக் கட்டத்தில் போட்டிருந்தது. விளையாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே அல்டிமேட் டீம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் பாக்கெட் பாக்கெட்டாக ஆட்டக்காரர்களை வாங்கலாம், பாக்கெட்டுக்குள் யார் இருப்பார் என்பது அதிர்ஷ்டம், அதற்கு நிஜப் பணம் கொடுக்கலாம். பெல்ஜியம் நாட்டு அரசு இது சூதாட்டம் மாதிரி இருக்கிறது என்று நெருக்கியதால் 2019இல் அங்கே காசுக்கு விற்பதையே அந்தக் கம்பெனி நிறுத்தியது. ஆக, வயது எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பணம் கேட்குமா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட கேம்களின் அட்டையில் இதைத் தனியாக எழுதச் சொல்லி 2020இலேயே வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் சினிமாவுக்குச் சான்றிதழ் இருக்கிறது. யு/ஏ என்பதைக்கூட இப்போது 7, 13, 16 என்று வயது பிரித்துத் தருகிறார்கள். வீடியோ கேமுக்கு அப்படி நம் சொந்த ஏற்பாடு எதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு கட்டி ஆடுகிற விளையாட்டுகளைத் தடை செய்தது, அதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கிற கேசட்டில் எது என் பிள்ளைக்கு ஆகும் என்ற கேள்விக்கு அது பதில் இல்லையே. அதனால் வெளிநாட்டு முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி. ஐரோப்பாவின் பெகி முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண் இருக்கும். 3, 7 பச்சை, 12, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. அமெரிக்க முத்திரையில் ஆங்கில எழுத்து. ஈ (E) என்றால் எல்லாருக்கும், ஈ 10+ (E10+) என்றால் பத்து வயதுக்கு மேல், டி (T) என்றால் பதின்வயது, எம் (M) என்றால் பதினேழுக்கு மேல். வன்முறை கேம்களைப் பற்றி 1993இல் அங்கே செனட்டில் விசாரணை நடந்து, அதன் பின்னால் 1994இல் வந்த ஏற்பாடு அது. அம்மாக்கள் அப்பாக்கள் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இது தெரியாததால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் ஒன்பது பத்து வயதுப் பையனுக்கு அவன் அப்பா ஜிடிஏ 5 வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அது 18 போட்ட கேம், ஆளைச் சுடுவதும் இன்னும் மோசமான காட்சிகளும் உள்ளது. “கார் ஓட்டுற கேம்தாங்க” என்று கடைக்காரர் சொன்னார், அவரும் நம்பினார். அட்டையில் சிவப்புக் கட்டத்தில் 18 என்று இருந்ததை நான் காட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். அந்த அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்புறம் விலை. ஸ்விட்ச் கேம் ஒன்றே 3,000, 4,000 ரூபாய் என்று போகிறது, தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது நடக்காது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டதால் பழையதை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், லைட் என்று எழுதிய சின்ன மாடலை டிவியில் மாட்ட முடியாது, கைப்பிடியும் கழலாது, ஒரு பிள்ளை தனியாகக் குனிந்து பார்க்கத்தான் அது. குடும்பத்தோடு ஆட வேண்டுமென்றால் அது வேண்டாம். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது, பல இடங்களில் டிவியும் கேரம் போர்டும் உண்டு. அங்கே ஒரு பெட்டியும் நாலைந்து நல்ல கேசட்டும் வைத்து, சனி ஞாயிறு மாலை பெரியவர் ஒருவர் கூட இருந்து ஆட வைத்தால் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும். எல்லைப் பக்கத்து வாசகசாலைக்காரர்கள் இதைப் படித்தால் யோசிக்க வேண்டும்.

நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஸ்விட்சில் பெற்றோர் போனுக்கென்று தனி ஆப் இருக்கிறது, தினம் எவ்வளவு நேரம் என்று அதில் வைத்துவிட்டால் நேரம் முடிந்ததும் திரையில் அறிவிப்பு வரும், ஆட்டத்தை அதுவே நிறுத்தும்படியும் வைக்கலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இதுபோல உண்டு. இதை எப்படி வைப்பது என்று படத்தோடு தமிழில் ஒருமுறை போட்டால் எத்தனை வீட்டில் வெட்டி வைத்துக்கொள்வார்கள் தெரியுமா?

வெண்பா என்று ஒரு கேம் 2023இல் வந்தது, கனடாவில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருவர் தொடங்கிய சின்னக் கம்பெனி செய்தது. எண்பதுகளில் அங்கே குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா, அப்பா, மகன். அந்த அம்மா தன் தாயிடமிருந்து பெற்ற பழைய சமையல் குறிப்பு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், அதைப் பார்த்து இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் எப்படிப் போட வேண்டும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. காலையில் புட்டும் இட்லியும் மாறி மாறி வேகிற ஊர் எங்களுடையது, வீட்டில் ஒரு மொழி வெளியே ஒரு மொழி என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் நான் கேட்டுப் பார்த்தவரை இங்கே ஒரு பெற்றோருக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை.

உங்கள் பகுதியை இதிலிருந்தே தொடங்கலாம். கதையில் கொஞ்சம் சோகம் உண்டு, அதனால் பத்து வயதுக்கு மேல் என்று சொல்லுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னால் நல்லது என்றும் சொல்லுங்கள். அதற்கு அடுத்த வாரம் மரியோ கார்ட், அதற்கும் அடுத்த வாரம் வயது முத்திரைகளின் படம். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் வாசகர்களிடமே கேளுங்கள், நான் எழுதி அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.