பேருந்து நிறுத்தத்தைப் பேருந்துக்கே விடுங்கள்

சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தினமும் மாநகரப் பேருந்தில் போய்வருகிறவன் என்ற முறையில் ஒரே ஒரு கோரிக்கை. நகரம் முழுக்க நோ பார்க்கிங் விதியை அமல்படுத்துவது பெரிய வேலை, அது நடக்கிறபோது நடக்கட்டும். முதலில் பேருந்து நிறுத்தங்களில் நிற்கும் கார்களையும் ஆட்டோக்களையும் அப்புறப்படுத்துங்கள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நின்று பாருங்கள். நிழற்குடைக்கு முன்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, பக்கத்து பேக்கரிக்கு வந்தவரின் கார், பார்சலுக்குக் காத்திருக்கும் டெலிவரி பைக்குகள். கார்க்காரர் நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "ரெண்டே நிமிஷம் சார், எடுத்துடுறேன்" என்பார். விளக்கு மினுக்கினால் விதி பொருந்தாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பேருந்து வரும். ஒதுங்க இடமில்லாமல் நடுரோட்டில் நிற்கும். நடத்துநர் பின்படியில் தலையை நீட்டி, இடதுபக்கம் புகுந்து வரும் பைக்குகளைக் கைகாட்டி நிறுத்தப் பார்ப்பார். காய்கறிப் பையோடு இறங்கும் அம்மா கம்பியை விடாமல் ஒரு காலால் தரையைத் தேடுவார். "பார்த்தும்மா, வண்டி வருது" என்று உள்ளேயிருந்து நாலு குரல் கேட்கும்.

ஒரு கார் ஒரு காருக்கான இடத்தைத்தான் அடைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மாநகரப் பேருந்து ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். அது ஓரமாக வந்து நேராக நிற்க முன்னும் பின்னும் இடம் வேண்டும். நிறுத்தத்தின் தொடக்கத்தில் ஒரு கார் நின்றால் உள்ளே நுழைய முடியாது. கடைசியில் நின்றால், உள்ளே போனபின் வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் ஓட்டுநர்கள் ஓரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது நிறுத்தம் காலியாக இருந்தாலும் பலர் நடுவில்தான் நிறுத்துகிறார்கள். அவர்களையும் கேட்க வேண்டியதுதான், ஆனால் அது அப்புறம்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். நடைபாதை, பள்ளி, மருத்துவமனை வாசல் போலவே பேருந்து நிறுத்தத்தின் அருகிலும் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்பது பழைய சாலை விதி. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிடும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு சீருடையில் இருக்கும் உங்களுக்குத் தருகிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 201-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கும் பில்லை விடக் குறைவுதான், இருந்தாலும் சரி.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. 2025-ல் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்துவிட்டன. இடதுபக்கம் சாய்ந்து படியைத் தாழ்த்தும், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை விரியும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போராடி வாங்கிய வசதி இது. நடைபாதை விளிம்பை ஒட்டி நின்றால்தான் அந்தப் பலகை ஒழுங்காகப் பொருந்தும். நடுரோட்டில் விரித்தால் சரிவு செங்குத்தாகிவிடும். அதற்கும் முன்னால், நிற்கும் கார்களுக்கு நடுவே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பேருந்து வரைக்கும் போவது எப்படி?

நீங்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. நீல வட்டத்தில் ஒற்றைச் சிவப்புக் கோடு போட்ட பலகை, வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதே என்கிறது. இரண்டு கோடுகள் குறுக்காக இருந்தால் கொஞ்ச நேரம்கூட நிற்கக் கூடாது. நிறுத்தங்களில் இந்த இரண்டாவது பலகையை வையுங்கள், கீழே 'பேருந்து தவிர' என்று எழுதுங்கள். 'ஆள் உள்ளேதான் இருக்கேன்' என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது. மாநகராட்சியிடம் சொல்லி, பேருந்து நிற்க வேண்டிய நீளம் முழுவதையும் மஞ்சள் பெயிண்டில் கட்டம் கட்டச் சொல்லுங்கள். மெட்ரோ வேலைக்காக இடம் மாற்றிய தற்காலிக நிறுத்தங்களில் பலவற்றுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. அங்கே வண்டியை விடுபவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நியூயார்க்கில் பேருந்தின் முன்பக்கமே கேமரா வைத்து, நிறுத்தத்தை மறிக்கும் வண்டிகளுக்கு அபராதம் அனுப்புகிறார்கள். இங்கேயும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தோடு பேசி, கூட்டம் அதிகமான ஒரே ஒரு வழித்தடத்தில் அதைச் செய்து பார்க்கலாம். ஷேர் ஆட்டோக்களுக்கு மட்டும், நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் பேருந்துக்கு வரும் கூட்டம்தான் பிழைப்பு. வெறுமனே விரட்டினால் மறுநாளே திரும்பி வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாநகரப் பேருந்துப் பயணி