முன் கண்ணாடியில் மட்டும் கை வைக்காதே

மதுரை,
மே 18

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மார்ச் வரை ஆண்டுக்கணக்கு, அதன் பிறகு அம்மாவின் முழங்கால் சிகிச்சை என்று காலம் ஓடிவிட்டது. அம்மா இப்போது கைத்தடியுடன் வாசல்வரை நடக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மணி வழக்கம்போலப் பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தம் இல்லாமல் திரும்பி வந்தான். மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

நேற்று இரவு உன் தம்பி தொலைபேசியில் பேசினான். புதிய வண்டியின் பக்கக் கண்ணாடிகளுக்குச் சன் ஃபிலிம் ஒட்டிவிட்டாய் என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை முன் கண்ணாடிக்கும் ஒட்டுவதற்குக் கடையில் முன்பணம் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னான். "கேரளத்தில் நீதிமன்றமே அனுமதித்துவிட்டது, இனி யாரும் கேட்க முடியாது" என்று நீ சொன்னதாகவும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பக்கக் கண்ணாடியைப் பற்றி உன்னோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. முன் கண்ணாடியைப் பற்றி இருக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டிகளை மதிப்பிடுவதே தொழிலாகிப்போன நண்பன் உனக்கு ஒருவன் இருக்கும்போது, அவனைக் கேட்காமல் கடைக்காரரைக் கேட்டது முறையா என்று முதலில் கோபித்துக்கொண்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி என்ன சொல்கிறதென்றால், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்குக் குறையாமலும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்துக்குக் குறையாமலும் உள்ளே விட வேண்டும். ஃபிலிம் ஒட்டியும் இந்த அளவுக்குள் நின்றால் போதும் என்றுதான் பல ஆண்டுகள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் பொருள், பிறகு அதன் மேல் எந்த அளவு வெளிச்சத்தை விடும் ஃபிலிமையும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. கறுப்புக் கண்ணாடி வண்டிகளுக்குள் நடந்த குற்றங்களைச் சொல்லித்தான் அந்தப் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. அந்த மே மாதம் ஊர் ஊராகப் போலீசார் சாலையில் நின்று ஃபிலிமை உரித்தது உனக்கும் நினைவிருக்கும். கட்சிக்காரர் வண்டியில் மட்டும் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இசட், இசட் பிளஸ் என்ற உயர்மட்ட அரசுப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மட்டும், அதுவும் உரிய அதிகாரிகள் பார்த்து முடிவு செய்தால், விலக்கு உண்டு. மற்றவர்கள் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பாகத்தான்.

நீ சொல்லும் கேரளத் தீர்ப்பு உண்மைதான், நானும் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் 100ஆம் விதி திருத்தப்பட்டு, பாதுகாப்புக் கண்ணாடி என்பதோடு உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் அனுமதிக்கப்பட்ட வகையில் சேர்ந்தது. அதைக் கொண்டு 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், உரிய தரத்திலான படலத்தை விதி சொல்லும் அளவுக்குள் ஒட்டியிருந்தால் அபராதம் போடக் கூடாது என்று சொன்னது. ஆனால் நீ அந்தத் தீர்ப்பில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாய். 70, 50 என்ற எண்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றைத் தளர்த்தவில்லை. அதோடு, நீ பாலக்காட்டில் கடையைப் பூட்டிவிட்டு மகளைப் பார்க்க வாரத்தில் பாதி நாள் மாநில எல்லையான வாளையாறு தாண்டிக் கோவைக்கு வருகிறாய். கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தமிழ்நாட்டுப் போலீசாரைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டினால், அதற்கு உன் கையில் என்ன பதில் இருக்கும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1500 ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் உனக்குப் பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். என் கவலையும் அபராதத்தைப் பற்றியது இல்லை.

இப்போது கணக்குக்கு வா. கடைக்காரர் "எழுபது பர்சன்ட் ஃபிலிம் சார், சட்டத்துக்கு உட்பட்டது" என்று சொல்லியிருப்பார். அந்த எழுபது ஃபிலிமுக்கு மட்டும் உரியது. உன் வண்டியின் முன் கண்ணாடி வரும்போதே லேசான பச்சைச் சாயல் உள்ளது. அது விடுவது 78 சதவீதம் என்று வைத்துக்கொள். அந்த 78இல் 70 சதவீதத்தைத்தான் ஃபிலிம் உள்ளே விடும், அதாவது 55கூட முழுதாக வராது. சட்டம் கேட்பது 70. அந்தக் கண்ணாடியில் 70 நிற்க வேண்டுமானால் 90 சதவீதம் விடும் ஃபிலிம் வேண்டும், அதைக் கண்ணால் பார்த்தால் ஒட்டியதே தெரியாது. அதிகாரி கண்ணாடியின் இருபுறமும் மீட்டரை வைத்தால், அது கடைக்காரர் சொன்ன எண்ணைக் காட்டாது, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த எண்ணைக் காட்டும். பக்கக் கண்ணாடிக்கு இதே ஃபிலிம் 50க்கு மேல் நிற்பதால்தான் அதில் உன்னோடு சண்டை இல்லை என்றேன். அதுவும் பாலக்காட்டு எல்லைக்குள்தான்.

மீட்டரில் காட்டும் எண்ணும் முழு உண்மை இல்லை. பக்கக் கண்ணாடி ஏறக்குறைய நேராக நிற்கிறது. முன் கண்ணாடி சாய்ந்து படுத்திருக்கிறது. சாய்வாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் அதிக தூரம் கடக்க வேண்டும், மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதும் கூடும். அளக்கும்போது கிடைத்ததைவிட ஓட்டுநரின் கண்ணுக்கு வந்து சேர்வது குறைவு.

சென்ற மாதம் நடந்ததை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. தேனியிலிருந்து இரவில் மைத்துனனின் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் முன் கண்ணாடிக்கும் ஃபிலிம் ஒட்டியவன், பகலில் அதன் குளிர்ச்சியை நானே ரசித்தேன். உசிலம்பட்டி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் வேகமாகத்தான் ஓடியது. ஆனாலும் தார்ச்சாலையும் ஓரத்து மண்ணும் ஒரே நிறமாகிவிட்டன. எனக்கு மூச்சு முட்டுவது போலிருந்ததால் என் பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை ஒதுக்கிப் பார்த்தேன். திறந்த ஜன்னலின் வழியாக, இடப்பக்கம் சற்று முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரின் பின்புறம் தெளிவாகத் தெரிந்தது. தோகைகள் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தன, பின்விளக்கு இல்லை. அதே இடத்தை முன் கண்ணாடியின் வழியாகப் பார்த்தேன், அங்கே வெறும் இருட்டுதான் இருந்தது. நான் கத்தினேன், அவன் பிரேக்கை மிதித்தான், வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றபோது கரும்புத் தோகை எங்கள் பானெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் மதுரை வரை ஊர்ந்து வந்தான், மறுநாள் காலையிலேயே அந்த ஃபிலிமை உரித்தெடுத்தான்.

எதிரே வரும் எல்.இ.டி. ஹெட்லைட்டின் கூச்சம் தாங்க முடியவில்லை, அதற்காகத்தான் ஒட்டுகிறேன் என்று உன் தம்பியிடம் காரணம் சொன்னாயாம். சிவா, எதிரே வரும் லாரியின் ஹை பீம் எது, சாலையோரம் கறுப்புச் சட்டையோடு நடப்பவர் எவர் என்று ஃபிலிமுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. லாரியின் விளக்கு குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அந்த மனிதர் ஏற்கெனவே தெரிந்தும் தெரியாமலும் இருப்பவர், அவர் காணாமலே போய்விடுவார். ஃபிலிமில் நாளடைவில் கீறல் விழுந்து மங்கினாலோ, எதிர்வெளிச்சம் அதில் சிதறிக் கூச்சம் இன்னும் கூடும். நம் விடுதி வார்டன் ராத்திரியிலும் கழற்றாத கூலிங் கிளாஸை நீ எவ்வளவு கிண்டல் செய்தாய்! இன்று அதையேதான் உன் வண்டிக்கு மாட்டப் போகிறாய்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: உன் வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்று கண் டாக்டர் சொன்னதை நீ எனக்கு எழுதியிருந்தாய். வயது ஏற ஏற இருட்டில் கண்ணின் பாவை முன்போல விரிவதில்லை, வில்லை மங்குகிறது. இளவயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஒரு பங்குதான் நமக்கு இப்போது போகிறது. இயற்கை குறைத்ததற்கு மேல் நாமும் பணம் கொடுத்துக் குறைக்க வேண்டுமா? வாளையாறு சாலையில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்திவைத்த லாரிகளை நீ இரவு பத்து மணிக்குமேல் கடக்கிறாய் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. "ஆள் வந்ததே தெரியவில்லை சார்" என்ற வாக்கியத்தை நான் நொறுங்கிய வண்டிகளின் அருகில் நின்று எத்தனையோ ஓட்டுநர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

தங்கச்சியின் கையில் வெயில் பட்டுத் தடிப்பு வருகிறது என்பது நியாயமான காரணம். ஆனால் முன் கண்ணாடி அதற்குக் காரணம் இல்லை. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் நட்சத்திரமாக விரிசல் விட்டு அப்படியே நிற்பதும் அதனால்தான். அந்தப் படலமே புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் பக்கக் கண்ணாடி ஒற்றைத் தகட்டு டஃபண்டு கிளாஸ், அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி. அதன் வழியாகத்தான் அந்தக் கதிரில் ஒரு பகுதி உள்ளே வருகிறது. அவருக்கு வேண்டியது பக்கக் கண்ணாடியில், அதுவும் கறுப்பாக இல்லாமல் தெளிவாக இருந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம். வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் போலீசார் அந்த ஃபிலிமையும் உரிக்கச் சொன்னால், முழுக்கைச் சட்டைதான் துணை.

வெப்பமும் அப்படித்தான். வெயிலின் சூட்டில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஃபிலிம் கறுப்பாக இருப்பதால் அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. மலிவான சாயம் ஏற்றிய ஃபிலிம் வெளிச்சத்தை மட்டும் தின்றுவிட்டுச் சூட்டில் பெரும்பகுதியை விட்டுவிடும். செராமிக் ஃபிலிம் அதைவிடத் தேவலை, ஆனால் முன் கண்ணாடிக்கு நான் மேலே சொன்ன கணக்கிலிருந்து அதுவும் தப்பாது. வண்டியை நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளித் தகடு போல் மின்னும் சன் ஷேடை விரித்து வை. கிளம்பும்போது நான்கு ஜன்னலையும் இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி.யைப் போடு. புறப்படுமுன் அந்த ஷேடை எடுத்துவிடலாம், ஃபிலிமை எடுக்க முடியாது.

ஒட்டும் வேலையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. முன் கண்ணாடிக்கு ஒட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, ரப்பர் பட்டையால் தள்ளுவார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் டேஷ்போர்டின் இடுக்கில்தான் இறங்கும். துணி விரித்து வேலை செய்யத் தெரியாத கடையில் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைகள் நனைந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். உன் வண்டியில் ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் இருக்கிறது, அது பார்ப்பதும் இந்தக் கண்ணாடியின் வழியாகத்தான். ஃபிலிமில் உலோகப் பூச்சு இருந்தால் ஃபாஸ்டேக் அலைகள் தடைப்பட்டுச் சுங்கச்சாவடியில் நிற்க நேரும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கடைக்குத் தொலைபேசி செய்து முன் கண்ணாடியை வேண்டாம் என்று சொல்லிவிடு. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பக்கக் கண்ணாடியில் ஒட்டியதற்கு உத்தரவாதச் சீட்டு எழுதி வாங்கிக்கொள். அதில் ஃபிலிமின் பெயரும் அது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, கண்ணாடியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு ஐம்பதுக்குக் குறைந்தால் அதையும் உரிக்கச் சொல்வேன். புரையைப் பற்றி டாக்டர் அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று எழுது. அதுவரை கோவைக்கு இரவில் வருவதானால் தம்பியை ஓட்டச் சொல்.

தங்கச்சிக்கு என் அன்பு. மகளுக்கு ஆசிகள்.

என்றும் உன்
ராஜாராம்