பச்சை வலை கட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு,

கட்டட வேலையைச் சுற்றிப் பச்சை வலை கட்டிவிட்டால் தூசிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நுரையீரலின் ஆழம் வரை போகும் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகளுக்கு அந்த வலை ஒரு பொருட்டே இல்லை. டைல்ஸையும் கிரானைட்டையும் தண்ணீர் விடாமல் அறுக்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூசியில் சிலிகா என்ற, கல்லிலும் மணலிலும் உள்ள கனிமம் இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, முகத்தில் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறவருக்குத்தான் முதல் அடி. பிளேடு மேல் தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு குழாய் வைத்தாலே பெரும்பகுதி அடங்கிவிடும். மணல் லாரிக்குத் தார்ப்பாய், வெளியே வரும் சக்கரத்தைக் கழுவ ஓர் இடம், இதெல்லாம் பெரிய செலவா? அப்புறம் சத்தம். கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தை ராத்திரியில் ஓட்ட விடுவது யார்? மீறினால் வேலையை நிறுத்துங்கள். அபராதம் மட்டும் போட்டால் அதைக் கட்டட நிறுவனத்தார் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.