கோத்தகிரியிலிருந்து கவிதாவுக்கு

அன்புள்ள கவிதா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்லவில்லை. மழை பிடித்ததும் வழக்கம்போல டவர் போய்விட்டது. டெக்னாலஜி செய்திக்காகத் தினமும் ஐந்தாறு இணையதளம் மேய்கிறேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்றாயே, அவ்வளவு இடம் எதற்கும்மா? எந்த இடம் எதை மேலே தூக்கும், எதை அமுக்கும் என்று தெரிந்தால் இரண்டே போதும்.

நான் குன்னூர் பிரவுசிங் சென்டரில் படிக்கத் தொடங்கியது ஸ்லாஷ்டாட், டெக்னாலஜி செய்தியைப் போட்டு வாசகர்கள் விவாதிக்கும் தளம். ராப் மால்டா 1997இல் ஆரம்பித்தது. அங்கே எத்தனை பேர் மெச்சினாலும் ஒரு கருத்து 5 மதிப்பெண்ணைத் தாண்டாது, கீழே -1 வரை இறங்கும். வேடிக்கை, தகவல் என்று ஏதாவது ஒரு காரணத்தைக் குறித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். அதைவிட, ஒரு விவாதத்தில் நீ வாய் திறந்தால் அதே விவாதத்தில் மதிப்பெண் போட முடியாது. நம் தேயிலை விவசாயிகள் கூட்டத்துக்கு இந்த விதி வந்தால் பாதிச் சண்டை குறையும்! இப்போது அங்கே பழைய கூட்டம் இல்லை.

ரெடிட் என்பது தலைப்புவாரியாகப் பிரிந்த விவாதத் தளம். அதில் பெரிய பிரிவுகளை விட்டுவிடு, அங்கே கோபம்தான் அதிகம். உன் வேலை சம்பந்தமான சின்னப் பிரிவு ஒன்று போதும். ஆனால் அதை நடத்துபவர்கள் சம்பளமில்லாதவர்கள். 2023 ஜூனில், வெளியார் செயலிகள் ரெடிட்டின் தகவலை எடுக்க விதித்த கட்டணத்தை (ஏபிஐ கட்டணம்) எதிர்த்து ஆயிரக்கணக்கான பிரிவுகளைப் பூட்டிவிட்டார்கள்.

டெக்னாலஜி செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஹேக்கர் நியூஸை வைத்துக்கொள். ஒரு மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால், பல நேரம் அதை எழுதியவரே வந்து பதில் சொல்வார். செய்தியைவிட அந்தப் பதிலுக்காகத்தான் நான் போகிறேன். அதை நடத்தும் ஒய் காம்பினேட்டர் ஸ்டார்ட்அப்களில் பணம் போடுகிற நிறுவனம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சண்டை சூடேறினால் அந்த இடுகையைத் தளத்தின் மென்பொருளே கீழே இறக்கிவிடும். முதல் பக்கத்தில் இல்லாத செய்தி சின்னச் செய்தி என்று எண்ணிவிடாதே.

அப்புறம் லாப்ஸ்டர்ஸ், இதுவும் அதே மாதிரித் தளம்தான். படிக்க யாரும் படிக்கலாம், பேச வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் அழைக்க வேண்டும். யார் யாரை அழைத்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். உன் ஆபீசில் உறுப்பினர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கு, பிறகு எனக்கும் ஒன்று அனுப்பு. நான் ஏதாவது உளறினால் அழைத்தவள் நீ என்று தெரிந்துவிடும், அதையும் யோசித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா